முதுகுக்கு ஒரு விசிறி

வெயிலில் நின்ற காரில் ஏறிக் கொஞ்ச தூரம் போனால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். இதற்காக இருக்கைக்குள்ளேயே குட்டி மின்விசிறிகளை வைத்தது ஸ்வீடனின் சாப் நிறுவனம். 1997-ல் வந்த அதன் 9-5 காரில் இந்த வசதி கிடைத்தது.

இருக்கை உறையில் பொடிப்பொடியாய்த் துளைகள். விசிறி அவற்றின் வழியே காற்றை ஓட்ட, வியர்வை ஆவியாகிறது. போகும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே வித்தை!

குளிருமா? பெரும்பாலான இருக்கைகள் காற்றைக் குளிர்விப்பதில்லை. காருக்குள் இருப்பதையே ஓட்டுகின்றன. உள்ளே அனல் என்றால் முதுகிலும் அனல்தான். ஏசி போட்டுச் சில நிமிடம் கழித்தே சுகம் தெரியும்.

மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் சில்லிடும் பெல்டியர் தகடு வைத்த இருக்கைகளும் உண்டு. அவை காற்றை நிஜமாகவே குளிர்விக்கும்.