பழைய லொறியும் பதறாத உள்ளமும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)





இந்த மேடையிலே சமய நூல்களைத் துறைபோகக் கற்ற அறிஞர்கள் பலர் பேசியிருக்கிறார்கள். நானோ எண்ணெயும் கரியும் படிந்த கையோடு வாழ்நாளைக் கழித்தவன். "நீர் அறிந்ததைப் பேசும்" என்று செயலாளர் அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். நான் அறிந்தது லொறி ஒன்றுதான். ஆகவே ஒரு பழைய டீசல் லொறியைப் பற்றியும், அதைத் திருத்தப்போன இடத்தில் என் கோபம் எனக்குச் செய்த கேட்டைப் பற்றியும் இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். லொறிக்கும் சமயத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுத்துக் கேட்கும்படி வேண்டுகிறேன். பொறுத்துக் கேட்பதுதான் இன்றைய பேச்சின் பொருளும்.

முதலில் டீசல் இயந்திரம் எப்படி இயங்குகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெற்றோல் இயந்திரத்தில் எரிபொருளைப் பற்றவைப்பது மின்பொறி. டீசல் இயந்திரத்தில் அப்படி ஒரு பொறி இல்லை. உருளைக்குள் புகுந்த காற்றை ஆடுதண்டு பதினைந்து, இருபதில் ஒரு பங்காக அமுக்குகிறது. அமுக்கப்பட்ட காற்று ஐந்நூறு பாகை சென்ரிகிரேட்டுக்கு மேல் கொதிக்கிறது. அந்த வேளையில் எண்ணெய் பனிப்புகை போலத் தூவப்படுகிறது, தானே பற்றிக்கொள்கிறது. எண்ணெயைத் தூவுவதற்கு மிகப் பெரிய அமுக்கம் வேண்டும். எண்ணெய்க் குழாயில் சிறு காற்றுக்குமிழி ஒன்று புகுந்துவிட்டாலும் அந்த அமுக்கம் உண்டாகாது. குமிழி பஞ்சுபோல அமுங்கிக் கொடுத்துவிடும்; எண்ணெய் முனைக்கு வராது; லொறி நின்றுவிடும். "எயார் பிடிச்சிட்டுது" என்று சாரதிமார் சொல்வது இதைத்தான். திருகாணியைத் தளர்த்தி, கைப்பம்பியை அடித்து, நுரை போய்த் தெளிந்த எண்ணெய் வரும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். இது பொறுமைக்குரிய வேலை. அவசரக்காரனுக்கு உரியதன்று.

இனி என் கதைக்கு வருகிறேன்.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அப்போது நான் இருபத்துமூன்று வயது இளைஞன். என் தகப்பனார் அம்மாவின் நகைகளை ஈடுவைத்துப் பல கைமாறிய ஒரு டீசல் லொறியை வாங்கினார். நானே சாரதி. எனக்குத் துணை, பதினாறு வயதுக் கிளீனர்ப் பையன் ஒருவன். சுன்னாகம் சந்தையிலே வெங்காயம் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோவது எங்கள் தொழில். வெங்காயம் காத்திருக்கும் பண்டம் அன்று. படங்கின் கீழே வெக்கையில் மூட்டை கிடந்தால் அழுகத் தொடங்கும். ஒன்று அழுகினால் அடுத்ததையும் அழுகச் செய்யும்.

ஒரு நாள் மாலை பாரம் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். வழக்கம்போல முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கும்பிட்டோம். மாங்குளத்தை அடையுமுன் லொறி இரண்டு முறை விம்மியது, நின்றது. இறங்கி எயார் எடுத்தோம். அரைமணி நேரத்தில் கிளம்பியது. எங்கள் கெட்டித்தனத்தை மெச்சிக்கொண்டு போனோம். ஆறு மைல் ஓடியது, மீண்டும் நின்றது. மீண்டும் எயார் எடுத்தோம், மீண்டும் கிளம்பியது, மீண்டும் நின்றது. வடிகட்டியைக் கழற்றிக் கழுவினோம். குழாய்ப் பூட்டுகளை எல்லாம் இறுக்கினோம். கனகராயன்குளத்தை அடைந்தபோது நள்ளிரவு. இருபுறமும் காடு. அங்கே நான்காம் முறை நின்றது.

அப்போது அந்தப் பையன் சொன்னான்: "அண்ணை, டாங்கிக்குள்ளை ஏதும் கிடக்குதோ எண்டு ஒருக்காப் பாப்பமே?"

நான் அவனை எரித்துவிடுவதுபோலப் பார்த்தேன். "நேற்று வந்த நீ எனக்குப் படிப்பிக்கிறியோ? வாயைப் பொத்திக்கொண்டு லாம்பைப் பிடி!" என்றேன். என் மனம் அப்போது கனகராயன்குளத்தில் இல்லை. விடிந்தால் கொழும்புச் சந்தையில் என்ன விலை போகும், ஈட்டுக்கு வட்டி எப்படிக் கட்டுவது, தகப்பனார் முகத்தில் எப்படி விழிப்பது என்று அது எங்கெங்கோ ஓடிக்கொண்டிருந்தது. கை மாத்திரம் திருகாணியை முறுக்கியது. பித்தளைத் திருகாணி, எவ்வளவு பலம் தாங்கும் என்பது எனக்குத் தெரியாததன்று. ஆனால் கோபத்திலே முறுக்குகிறவனுக்குக் கணக்கு ஏது? அதன் தலை முறிந்து என் கையோடு வந்தது.

அந்தக் கணத்திலே நான் செய்ததை இந்தச் சபையில் மறைக்க விரும்பவில்லை. கையிலிருந்த ஸ்பனரை ஓங்கித் தரையில் எறிந்தேன். அது கல்லிற்பட்டுத் தெறித்து அந்தப் பையனின் காலைக் கிழித்தது. அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சாரத்தின் தலைப்பைக் கிழித்துக் காலைச் சுற்றிக் கட்டினான். விடியும்வரை லொறியின் மறுபுறத்தில் உட்கார்ந்திருந்தான். விடிந்ததும் யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான்.

நான் எதிர்ப்பக்கம் போகும் பஸ்ஸில் வவுனியாவுக்குச் சென்று ஒரு வயோதிப மெக்கானிக்கை அழைத்துவந்தேன். அவர் வந்தவுடன் லொறியைத் தொடவில்லை. அருகிலிருந்த கடையில் தேநீர் வாங்கி எனக்கும் தந்து, ஒரு மரநிழலில் உட்கார்ந்தார். "தம்பி, எத்தினை மைல் ஓடி நிண்டது? நிண்டாப் பிறகு எவ்வளவு நேரம் விட்டுக் கிளம்பினது? எயார் எடுக்காமல் சும்மா விட்டுப் பார்த்தனியோ?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சும்மா விட்டுப் பார்க்கும் எண்ணமே எனக்கு வரவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

முறிந்த திருகாணியைப் பக்குவமாக எடுத்து வேறொன்றைப் போட்டார். பின்பு தாங்கியைத் திறந்து, வளைத்த கம்பியொன்றை உள்ளே விட்டுத் துழாவினார். கம்பியோடு வந்தது கைக்குட்டை அளவான ஒரு பழந்துணித் துண்டு!

அன்பர்களே, அந்தத் துணி எப்படி உள்ளே போயிற்று தெரியுமா? சில வாரங்களுக்கு முன் தாங்கியின் மூடி தொலைந்தபோது, அவசரத்தில் துணியைச் சுருட்டி அடைத்தவன் நானேதான். புதிய மூடி போட்டபோது அதில் ஒரு துண்டு உள்ளே விழுந்ததைக் கவனிக்கவில்லை. லொறி ஓடும்போது எண்ணெயோடு இழுபட்டு அது குழாயின் வாயை மூடியது. லொறி நின்று இழுப்பு நின்றதும் தானாக விலகிப்போனது. நாங்கள் எயார் எடுத்த அரைமணி நேரமும் துணி விலகுவதற்கு உதவிய நேரமேயன்றி வேறில்லை. எங்கள் கைத்திறனால் ஓடியது என்று நம்பினோம். அந்த நம்பிக்கையே உண்மையான காரணத்தைத் தேடவிடாமல் தடுத்தது.

அந்த முதியவர் துணியை என் கையில் தந்து சொன்னார்: "லொறி உன்னோடை கோவிக்கேல்லைத் தம்பி. அதுக்குக் கோவிக்கத் தெரியாது. நீதான் அதோடை கோவிச்சுக்கொண்டு நிண்டனி." பின்பு சுற்றிலும் பார்த்துவிட்டு, "பெடியன் ஒருத்தன் நிண்டிருப்பானே, எங்கை?" என்று கேட்டார். நான் தலைகுனிந்தேன்.

வெங்காயத்தில் பெரும்பகுதி அழுகிவிட்டது. நட்டத்தை அடைக்க ஓராண்டு சென்றது. பணம் திரும்பி வந்தது. ஊருக்கு வந்ததும் அந்தப் பையனின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவனுடைய தாயார் பாயைப் போட்டு இருத்தித் தேநீர் தந்தார். அவன், "பரவாயில்லை அண்ணை" என்றான். ஆனால் மீண்டும் என்னுடைய லொறியில் ஏறவில்லை. சரியான வழியைச் சொன்னவன் அவன். தண்டனை பெற்றவனும் அவன். இந்த வயதிலும் அந்தக் கணக்கு என் மனத்திலே தீராமற் கிடக்கிறது.

இளைஞர்களே! இந்த அனுபவத்தின் பின்பே நான் பெரியோர் வாக்கின் பொருளை விளங்கிக்கொண்டேன். பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயத்திலே, மனம் ஒரு பொருளையே நினைந்துகொண்டிருந்தால் பற்று உண்டாகும், பற்றினால் ஆசை, ஆசையினால் கோபம், கோபத்தினால் மயக்கம், மயக்கத்தினால் நினைவுகேடு, அதனால் புத்தி நாசம் என்று படிப்படியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அன்றிரவு நான் அந்தப் படிகளில் ஒன்றையும் தவறவிடாமல் இறங்கினேன்! சந்தை விலையையே நினைந்தேன், கோபம் வந்தது, பித்தளை பித்தளை என்ற நினைவும் போயிற்று. திருவள்ளுவப் பெருந்தகையும் 'வெகுளாமை'க்கு ஓர் அதிகாரமும், துன்பம் வந்தபோது கலங்காதிருக்கும் 'இடுக்கண் அழியாமை'க்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். ஒன்று அறத்துப்பாலில் இருக்கிறது. மற்றது பொருட்பாலில் இருக்கிறது. கோபத்தை அடக்குவது அறமும் ஆகும், தொழிலுக்கு முதலும் ஆகும் என்று நான் அதற்குப் பொருள் கொள்கிறேன்.

இந்த இயந்திரத்தைக் கண்ட ருடோல்ஃப் டீசலின் சரித்திரமும் நமக்கு ஒரு பாடம். 1858இல் பாரிசில் பிறந்த அவர் 1892இல் தம் கருத்துக்கு உரிமைப்பத்திரம் கோரினார். 1893 ஆகஸ்டில் ஜேர்மனியின் ஔக்ஸ்பேர்க் நகரில் முதலாவது இயந்திரத்தைச் சோதித்தபோது, அமுக்கத்தை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. இயந்திரம் தன் சொந்தப் பலத்தில் ஓடவில்லை. அவர் அதை உதைத்தெறியவில்லை. எண்ணெய் பற்றிக்கொள்ளும் என்ற ஓர் உண்மை அந்த வெடிப்பினாலேயே உறுதியாயிற்று என்று கண்டார். திருத்தியமைத்த இயந்திரம் 1894 பெப்ரவரியில் ஓடியது, ஏறக்குறைய ஒரு நிமிடம் மாத்திரம்! அந்த ஒரு நிமிடத்திலிருந்து, எரிபொருளின் சக்தியில் நாலிலொரு பங்குக்கு மேல் வேலையாக மாற்றும் இயந்திரத்தை 1897இல் உலகுக்குக் காட்டுவதற்கு மேலும் மூன்று ஆண்டுகள் உழைத்தார். ஆக்கியவனுக்கே இத்தனை ஆண்டுப் பொறுமை வேண்டியிருந்தது. பழசாய்ப் போன ஒன்றைத் திருத்தும் நமக்கு ஓர் இரவுப் பொறுமை வேண்டாமா?

வெளிநாட்டுக்குப் போவானேன்? நம் ஊரிலேயே சான்று உண்டு. 1990ஆம் ஆண்டின் பின் வடபகுதிக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில், பெற்றோல் சில துளிகளால் இயந்திரத்தைக் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெயில் கார்களையும் மோட்டார்ச் சைக்கிள்களையும் ஓட்டினோம். 'ஏ 40' போன்ற கிழக் கார்கள் புகை கக்கிக்கொண்டு நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குச் சுமந்தன. புதிய உதிரிப்பாகம் கிடையாது. பழையதைத் தேய்த்தும் வெட்டியும் பொருத்தினார்கள் நம் கராச்சுத் தொழிலாளர்கள். அவர்களுக்குக் கோபம் வரவில்லையா? வந்திருக்கும். ஆனால் அதை ஸ்பனரின் நுனிக்கு வரவிடவில்லை. 2022இல் நாடெங்கும் டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றபோதும் இந்தப் பழைய பாடமே எனக்குக் கைகொடுத்தது.

முடிக்குமுன், என் தொழிலில் நான் கைக்கொண்ட சில நெறிகளைச் சொல்லிவிடுகிறேன். அவை லொறிக்கு மாத்திரம் உரியவை அல்ல.

கோபம் ஏறுகிறது என்று தெரிந்தால் ஸ்பனரைக் கீழே வையுங்கள், கையைக் கழுவுங்கள், ஒரு தேநீர் குடிக்கும் நேரம் விலகி நில்லுங்கள். அந்த நேரம் வீண்போவதில்லை. முறிந்த திருகாணியை எடுக்கும் நேரத்தை அது மிச்சப்படுத்தும்.

ஒரு முறையில் ஒன்றை மாத்திரம் மாற்றிப் பாருங்கள். நாலைந்தை ஒன்றாய் மாற்றினால், ஓடினாலும் காரணம் தெரியாது. நின்றாலும் காரணம் தெரியாது. செய்ததை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வோம் என்ற எண்ணத்தை வண்டியில் விட்டுவிட்டுக் கையில் உள்ள நட்டையும் போல்ட்டையும் நினையுங்கள். போய்ச் சேரும் நேரம் நம் கையில் இல்லை. நட்டு நம் கையில் இருக்கிறது.

எல்லாவற்றிற்கும் மேலாக, உங்களிலும் இளையவன் சொல்வதற்குக் காது கொடுங்கள். இங்கே முன்வரிசையில் இருக்கும் பெரியோர்களுக்கும் இதைப் பணிவோடு சொல்லுகிறேன். வீட்டிலும் கோயிற் சபையிலும் மன்றத்திலும் ஏதோவொன்று அடிக்கடி நின்றுபோகிறது. நாமும் பழக்கப்பட்ட திருகாணியையே முறுக்கிக்கொண்டிருக்கிறோம். "தாங்கிக்குள்ளே பார்ப்போமா?" என்று ஒரு பிள்ளை கேட்கும்போது வாயைப் பொத்து என்று சொல்லாதிருப்போமாக. உள்ளே கிடப்பது நாமே போட்ட துணியாகவும் இருக்கலாம்.

நவராத்திரி முடிவிலே நாம் ஆயுத பூசை செய்கிறோம். ஸ்பனருக்கும் சுத்தியலுக்கும் சந்தனம் சாத்துகிறோம்; லொறிக்கு மாலை போடுகிறோம். கனகராயன்குளத்தில் நான் எறிந்த ஸ்பனர் இன்றும் என்னிடம் இருக்கிறது. ஆண்டுதோறும் அதற்கும் பொட்டு வைத்து, அந்தப் பையனை நினைத்துக்கொள்வேன். ஒரு நாள் கும்பிட்ட ஆயுதத்தை மற்ற நாட்களிலும் மரியாதையோடு பிடிப்பதே உண்மையான பூசை என்பது என் துணிபு. ஆயுதத்துக்கே அந்த மரியாதை என்றால், அருகில் லாம்பு பிடித்து நிற்கும் மனிதனுக்கு எவ்வளவு வேண்டும்!

மன்றம் மேன்மேலும் வளர எல்லாம் வல்ல இறைவன் திருவருள் பாலிப்பாராக.