ஒரிஜினல் சீட்டு எங்கே தம்பி?

இன்னிக்கு எபிசோடு, ஒரு மெடிக்கல் ஷாப்ல நான் போட்ட சண்டையில இருந்து ஆரம்பிக்குது.

அப்பாவுக்கு முதுகுல ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டாவது வாரம். ராத்திரி ஒன்பதரை மணிக்கு வலி தாங்கல. டாக்டர் ட்ரமடால் முப்பது எழுதியிருந்தார், நாங்க வாங்கினது பத்து. அதுவும் தீர்ந்துபோச்சு. ஃபைல் அக்கா வீட்ல. சீட்டோட போட்டோ என் போன்ல இருந்தது, காட்டினேன். "ஒரிஜினல் இல்லாம தர முடியாது தம்பி"ன்னுட்டார் கடைக்காரர். "என்னைப் பார்த்தா ஏமாத்துறவன் மாதிரியா இருக்கு?"ன்னு கத்திட்டு, வண்டியை எடுத்துட்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

அப்புறம்தான் விதியைப் படிச்சேன். 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகள், விதி 65. மருந்து கொடுக்கும்போது, சீட்டில் டாக்டர் கையெழுத்துக்கு மேலே கடையின் பெயர், முகவரி, தேதி மூன்றையும் குறிக்க வேண்டும். நம்ம ஓடிபி மாதிரிதான்: பயன்படுத்தியாச்சுன்னு அடையாளம். என் போட்டோ ஆஸ்பத்திரி வாசல்லயே எடுத்தது, அதுல எந்த சீலும் இல்ல. அதை வெச்சு நான் பத்து கடை ஏறி இறங்கியிருக்கலாம்.

ட்ரமடால் 2014 மார்ச்சில் அமலுக்கு வந்த எச்1 பட்டியலிலும் இருக்கு. டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி, மூணு வருஷம் வெச்சிருக்கணும். 2018 ஏப்ரலில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள்ளயும் வந்துடுச்சு. போலிச் சீட்டு கொடுத்து வாங்கினா மோசடி, ஆவணத்தைப் போலியா தயாரிச்ச குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏழு வருஷம் வரைக்கும் சிறை.

ஆனா எனக்கு ஒரு ஆதங்கம் இருக்கு. அந்தப் பதிவேடு ஒரு நோட்டு. இந்தக் கடை நோட்டுல இருக்கிறது அடுத்த தெரு கடைக்குத் தெரியாது. போலி லெட்டர்பேடு அடிக்கிறவன் பேப்பரோடதான் வருவான். பேப்பர் இல்லாம நிக்கிறது என்னை மாதிரி ஆளுங்க. அப்பா வீட்ல சுவரைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு மணி நேரத்துக்கு எந்த விதியிலயும் கணக்கு இல்ல. ஆனாலும் கடைக்காரர் மேல தப்பு சொல்ல முடியல. லைசென்ஸ் அவரோடது.

திரும்பி வரும்போது பத்தே முக்கால். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது, அவர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். நோட்டுல எழுதி, சீட்டுல சீல் வெச்சு, பத்து மாத்திரை எண்ணிக் கொடுத்தார். நான் பழக்கதோஷத்துல போனை எடுத்து அதை போட்டோ எடுக்கப் போனேன்.

"பர்ஸ்ல வெச்சுக்கோங்க தம்பி"ன்னார்.