பார்த்தும் பதியாத செம்பட்டி

மதுரையிலிருந்து பழனிக்கோ, திண்டுக்கல்லிலிருந்து கொடைக்கானலுக்கோ பஸ்ல போயிருந்தா, செம்பட்டி முக்கைத் தாண்டியிருப்பீங்க. அங்க எந்தக் கடை இருந்துச்சுன்னு கேட்டா? முழிப்போம். ஜன்னல் சீட்டுதான், ஆனா கண்ணு ரீல்ஸ்ல ஓடிட்டு இருந்துச்சு.

கண்ணு எதையும் ஒரே மூச்சா பார்க்காது. நொடிக்கு மூணு தடவை போல தாவித் தாவி நிக்கும். தாவும்போது பெருசா ஒண்ணும் தெரியாது. நிக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துலதான் விவரம் உள்ள போகுது. ஒரு படத்துல கண்ணு எத்தனை தடவை நின்னுச்சோ, அந்த அளவுக்கு அது பின்னால ஞாபகம் வருதுன்னு 1972-லேயே ஜெஃப்ரி லாஃப்டஸ் காட்டினார்.

மூளைக்குள்ள என்ன நடக்குது? 2017-ல டொரண்டோவுல ஜெனிஃபர் ரயன் குழு, புது முகங்களைக் காட்டி ஸ்கேன் எடுத்தாங்க. கண் நின்ற எண்ணிக்கை கூடக் கூட, புது நினைவுகளுக்கு அவசியமான ஹிப்போகேம்பஸின் செயல்பாடும் கூடியது.

‘ரெண்டும் சேர்ந்து நடக்குது, அவ்வளவுதானே?’ன்னு கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால 2020-ல வெளியான ஆய்வுல சிலசமயம் கண்ணை அசைக்காம ஒரே புள்ளியைப் பார்க்கச் சொன்னாங்க. அப்போ ஹிப்போகேம்பஸ் செயல்பாடும் குறைஞ்சது, நினைவும் குறைஞ்சது. இத்தனைக்கும் படம் கண்ணு முன்னாடியேதான் இருந்துச்சு.