கிண்ணம் காணாத வீரர்

அவுஸ்திரேலிய உதைபந்தாட்டத்திற் பந்தைக் கையாற் பற்றலாம். ஆயின் பரந்த மைதானமெங்கும் ஓயாது ஓடவேண்டும். மெல்பேண் நகரின் சென் கில்டா கழகத்துக்காக றொபேட் ஹாவி அவ்வாறு ஓடியது 1988 முதல் 21 பருவங்கள்! நேர்மையும் திறமையும் மிக்கவருக்கு நடுவர்கள் வாக்களித்து வழங்கும் பிரவுன்லோ பதக்கத்தை 1997இலும் 1998இலும் அவரே பெற்றார். கிண்ணம் மட்டும் கிட்டவில்லை. 1997 இறுதியாட்டத்தில் அடிலெயிட் அணி வென்றது. 1966இல் ஒரேயொரு தடவை, அதுவும் ஒரு புள்ளியால், கிண்ணம் வென்ற கழகம் அது; தோல்வி அதன் அபிமானிகளுக்குப் பழகிய துயரந்தான். ஆயினும், வென்றாலும் தோற்றாலும் ஒரே வேகத்தில் ஓடிய அவரைத் தம்முள் ஒருவராகவே அவர்கள் கொண்டாடினர். 2008இல், 37 வயதில், அவர் விடைபெறவிருந்தபோது அவருக்காகவேனும் ஒரு கிண்ணம் வாராதா என்ற ஏக்கம் எழுந்தது. இறுதியாட்டத்துக்கு முந்திய ஆட்டத்தில் ஹோதோன் அணி வென்றது. ஹாவியின் 383ஆவது ஆட்டம் அது. கடைசி ஆட்டமும் அதுவே.