துப்பாக்கியும் குறிப்பேடும்: ஹைரேஞ்ச் வேட்டைத் தோழமையும் வரையாட்டின் வரலாறும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் வாழும் காட்டுயிர்களின் கடந்த காலத்தை எழுத முனையும் எவரும், அவ்விலங்குகளைச் சுட்டு வீழ்த்தியவர்கள் விட்டுச்சென்ற எழுத்துகளை நாடாமல் ஓரடியும் முன்வைக்க இயலாது என்பது இத்துறையின் சங்கடமான உண்மையாகும். எந்த மலையில் எந்த விலங்கு இருந்தது, எந்தப் பத்தாண்டில் அது குறைந்தது, எங்கே அடியோடு மறைந்தது என்ற வினாக்களுக்கு 19ஆம் நூற்றாண்டைப் பொறுத்தவரை விடை தருவன பெரும்பாலும் வேட்டைக்காரர்களின் நாட்குறிப்புகளும் நினைவு நூல்களும் அவர்கள் அமைத்துக்கொண்ட சங்கங்களின் பதிவுகளுமே. அச்சங்கங்களைத் தாங்கி நின்ற உறவை இச்சொற்பொழிவு வேட்டைத் தோழமை என்று குறிக்கிறது. ஒரே காட்டில் வேட்டையாடும் சிலர் தமக்குள் விதிகள் வகுத்து, அவ்விதிகளை மீறியவரைத் தம் வட்டத்திலிருந்து விலக்கி, கண்டதையும் கொன்றதையும் ஒருவருக்கொருவர் அறிவித்து வாழும் கூட்டுறவு என்பது இங்கே அச்சொல்லின் பொருள். விலங்குகளைக் காத்ததும் அவற்றைப் பற்றி எழுதிவைத்ததும் இத்தோழமைதான் என்பதையும், அது யாரைத் தன் வட்டத்துக்குள் சேர்த்தது, யாரை வெளியே நிறுத்தியது என்பதைப் பொறுத்தே அக்காவலுக்கும் அவ்வெழுத்துக்கும் எல்லைகள் அமைந்தன என்பதையும் திருவிதாங்கூரின் மலைகளைக் கொண்டு காட்டுவதே இங்குள்ள நோக்கம்.

வேட்டையும் பகிர்வும் தமிழ் மரபில் பிரிக்க முடியாதவை. புறநானூற்றின் 150ஆம் பாடலில் வன்பரணர் சித்திரிக்கும் காட்சியில், களைத்துப்போய் மரத்தடியில் தங்கிய புலவரின் சுற்றத்துக்கு, வேட்டையாடி வந்த ஒருவன், காட்டுக்குள் பிரிந்து சென்ற தன் இளையர் திரும்பி வருவதற்கு முன்பே தீ மூட்டி ஊனைச் சுட்டுத் தருகிறான். அணிகலனும் அளித்த பின், நாடு எது என்று கேட்டாலும் பெயர் என்ன என்று கேட்டாலும் விடை சொல்லாமல் போகிறான். அவன் தோட்டிமலைக்குரிய நள்ளி என்பது வழியில் பிறர் சொல்லியே தெரியவருகிறது. தன் பெயரைத் தானே மறைத்துக்கொண்ட அந்த வேட்டுவத் தலைவனுக்கும், பின்வந்த வேட்டை நூல்களில் பிறரால் பெயர் மறைக்கப்பட்ட மலைவாழ் வழிகாட்டிகளுக்கும் உள்ள தொலைவு சிறிதன்று.

ஆங்கிலேயர் காலத்துத் தென்னிந்தியாவில் இத்தோழமை சட்ட வடிவம் பெற்ற இடம் நீலகிரி. உதகமண்டலத்தைச் சுற்றிக் குடியேறிய படை அதிகாரிகளும் தோட்டக்காரர்களும் சில பத்தாண்டுகளிலேயே பீடபூமியின் விலங்குகளை அரிதாக்கிவிட்ட நிலையில், அவர்களே 1877இல் ஒரு வேட்டைச் சங்கத்தை அமைத்தார்கள். அதன் முயற்சியால் 1879இல் சென்னை மாகாண அரசு நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. உரிமம் இல்லாமல் சுடக்கூடாது, இனப்பெருக்கக் காலத்தில் வேட்டை மூடப்படும், சில இனங்களின் பெண் விலங்குகளைத் தொடக்கூடாது என்பவை இவ்வமைப்பின் அடிப்படை விதிகள். இவ்விதிகளைப் பெரிதும் நடைமுறைப்படுத்தியது சட்டத்தின் தண்டனையைவிடக் கிளப்பில் கிடைக்கும் அவமதிப்பு பற்றிய அச்சம் என்று கருதத் தோன்றுகிறது. பெண் ஆட்டைச் சுட்டவன் என்ற பேச்சு ஒரு துரையின் மதிப்பைக் குலைக்கப் போதுமானதாக இருந்தது.

திருவிதாங்கூரின் ஹைரேஞ்ச், அதாவது இன்றைய மூணாறைச் சூழ்ந்த உயர்மலைப் பகுதி, சற்றுப் பின்னரே துப்பாக்கிக்குத் திறந்தது. 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியில் பதிவுபெற்ற முதல் ஏற்றம் 1862இல் சென்னைப் படையைச் சேர்ந்த டக்ளஸ் ஹாமில்டனுடையது. அவர் பெயர்பெற்ற வேட்டைக்காரர் என்பதும், மலைகளைக் கோட்டோவியங்களாக வரைந்தவர் என்பதும் இக்காலத்து மனிதர்களின் இரட்டைத் தன்மையைக் காட்டும். 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளின் உரிமையைப் பெற்றார். 1897இல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானது. தேயிலை மலைச்சரிவுகளை மூடியது. ஆயினும் ஆனைமுடியை அடுத்த இரவிகுளம் மேட்டுநிலம் தேயிலைக்கு உகந்ததாக இல்லாமையால், அது துரைமார்களின் வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் என ஒதுக்கப்பட்டது. 1928இல் உருவான ஹைரேஞ்ச் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் அதன் பொறுப்பை ஏற்றது. அச்சங்கத்தாரின் சமூக மையம் மூணாற்றின் ஹைரேஞ்ச் கிளப். அதன் ஆடவர் மதுக்கூடத்துச் சுவரில் விலங்குத் தலைகளுக்கு இடையே, நெடுங்காலம் மலையில் பணியாற்றிய தோட்டக்காரர்களின் தொப்பிகளும் மாட்டப்பட்டிருக்கின்றன. கொன்ற விலங்கின் தலையையும் உடனிருந்த நண்பனின் தொப்பியையும் ஒரே சுவரில் வைத்துப் போற்றிய மனநிலையை விளக்க வேறு சான்று தேவையில்லை.

இரவிகுளத்தின் முதன்மை விலங்கு வரையாடு. சங்க இலக்கியம் வருடை என்று சொல்வது இதனையே என்பது அறிஞர் பலரின் கருத்து. இன்று இது தமிழ்நாட்டின் மாநில விலங்கு. துரைமார்கள் இதனை ஐரோப்பிய மலையாட்டின் பெயரால் ஐபெக்ஸ் என்றே அழைத்தமையால், பழைய வேட்டைப் பதிவுகளைப் புரட்டும் ஆய்வாளர் அச்சொல்லைக் கண்டு மயங்கக்கூடாது. முதிர்ந்த கிடாவின் கருமை படர்ந்த உடலில், முதுகின்மேல் சேணம் போட்டதுபோல் வெளிறிய திட்டு ஒன்று தோன்றும்; அத்தகைய கிடாவை வேட்டைக்காரர் சேடில்பேக் என்றனர். சுடத்தக்கது அது ஒன்றே என்பது விதி. பெட்டையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு எடையுள்ள இக்கிடாக்கள் பெரும்பாலும் தனித்தோ சிறு குழுக்களாகவோ திரிந்து, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இணைசேரும் பொருட்டு மந்தைகளுக்குத் திரும்புகின்றன. பெட்டைகள் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் குட்டி ஈனுகின்றன. ஒரு கிடா பல பெட்டைகளுடன் இணையும் இனத்தில், சில முதிய கிடாக்களை மட்டும் அகற்றுவதால் பிறப்பு விகிதம் பெரிதாகக் குறையாது. துரைமாருக்கு இவ்வுயிரியல் தெரிந்திருக்க வேண்டிய தேவை இல்லை. பெரிய கொம்பின்மேல் கொண்ட ஆசையும் பெட்டையைச் சுடுவதற்கு எதிரான வெட்கமும் சேர்ந்து, அறிவியல் பின்னாளில் பரிந்துரைத்திருக்கக்கூடிய ஒரு முறையைத் தற்செயலாக நடைமுறைக்குக் கொண்டுவந்தன.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் படம் பொய்யாகிவிடும். வேட்டைக்குரிய விலங்கைக் காப்பது என்பது, அவ்விலங்கை உண்ணும் பிற உயிர்களைப் போட்டியாளராகக் கருதுவதும் ஆகும். நீலகிரிச் சங்கம் செந்நாய்களைக் கொன்றவர்களுக்கு வெகுமதி வழங்கியது; புலியும் சிறுத்தையும் பாதுகாப்பின் வட்டத்துக்குள் வரவில்லை. செந்நாயைப் பற்றி அக்காலத்தவர் எழுதியவற்றில் தென்படும் வெறுப்பு, கூட்டமாகச் சேர்ந்து கட்டுப்பாட்டோடு வேட்டையாடும் அவ்விலங்கின் இயல்பையும் அவர்களுடைய சொந்த இயல்பையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு வியப்பளிக்கும். ஆகவே ஒரு வேட்டைக் குறிப்பேட்டில் வரையாடு நிறைய இருப்பதாகவும் செந்நாய் ஒழிந்ததாகவும் எழுதப்பட்டிருந்தால், இரண்டும் ஒரே கொள்கையின் விளைவு என்று கொள்ள வேண்டும். அதைக் காட்டின் இயற்கை நிலை பற்றிய சான்றாகக் கொள்வது பிழை.

எழுதும் பழக்கத்துக்கு ஒரு நிறுவனப் பின்புலம் உண்டு. 1883இல் எட்டுப் பேர் கூடித் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம், மது வணிகரான பிப்சனின் கடையில் சில காலம் இயங்கியது; அவருடைய அலுவலகத்தில் வளர்ந்த இருவாட்சிப் பறவையே பின்னர் அச்சங்கத்தின் சின்னமாயிற்று (அப்பறவை இன்று கேரளத்தின் மாநிலப் பறவை என்பது ஓர் இனிய ஒற்றுமை). 1886இல் தொடங்கிய அதன் ஆய்விதழின் சிறுகுறிப்புப் பகுதி, நாடெங்கும் சிதறிக் கிடந்த வேட்டைக்காரர்களின் கடிதத் திண்ணையாக அமைந்தது. ஒருவர் ஒரு விலங்கின் நடத்தையைப் பற்றி எழுதினால் அடுத்த இதழில் மற்றொருவர் மறுத்தோ சேர்த்தோ எழுதுவார். திருவனந்தபுரம் இவ்வுரையாடலில் சிறப்பான இடம் வகித்தது. இங்குள்ள அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த ஹெரால்டு பெர்குசனும், திருவிதாங்கூர் வனத்துறைத் தலைவராக இருந்த பூர்தில்லனும் சேர்ந்து திருவிதாங்கூர்ப் பறவைகளைப் பற்றி எழுதிய கட்டுரைத் தொடர் 1903-04இல் அவ்விதழில் வெளிவந்தது. 1933இல் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளில் பறவைக் கணக்கெடுப்பு நடத்திய சாலிம் அலி அடித்தளமாகக் கொண்டவற்றுள் இதுவும் ஒன்று. அக்காலத்தில் பறவையை உறுதியாக அடையாளம் காண அதைச் சுட்டுத் தோலை உரித்துப் பாதுகாப்பதே வழி என்பதால், வேட்டைக்காரரையும் ஆய்வாளரையும் பிரிக்கும் கோடு மெல்லியதாகவே இருந்தது. அதே 1933இல் எஸ்.சி.எச். ராபின்சன் வேட்டை விலங்குக் காப்பாளராக அமர்த்தப்பட்டு, மறு ஆண்டே பெரியாற்று ஏரியைச் சூழ்ந்த காட்டில் நெல்லிக்காம்பட்டி சரணாலயம் அமைந்தது. இன்றைய பெரியாறு புலிகள் காப்பகத்தின் தொடக்கம் அதுவே.

இவ்வளவு எழுத்திலும் காண முடியாதவர்கள் வழிகாட்டிகள். ஹைரேஞ்சில் துரையை விலங்கின் அருகே கொண்டுசேர்த்தவர்கள் முதுவர்கள். மதுரையிலிருந்து முதுகில் சுமை தாங்கி மலையேறியவர் எனத் தம் முன்னோரைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் இம்மக்கள், தமிழின் ஒரு கிளைவழக்கைப் பேசுபவர்கள். மணமாகாத இளைஞர் ஒன்றாகத் தங்கும் சாவடி அவர்களுடைய ஊரமைப்பின் தனிக்கூறு. இரவிகுளத்தில் சங்கத்தின் காவலர்களாகப் பணியாற்றியவர்களும், புல்வெளியைப் பகுதி பகுதியாகக் கட்டுப்பாட்டோடு எரித்து இளம்புல் துளிர்க்கச் செய்தவர்களும் அவர்களே. மலையைக் காத்த உழைப்பு முதுவருடையது; சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் துரைமாருடையது. குறிப்பேட்டில் கொம்பின் நீளம் அங்குலத்தின் பின்னம்வரை துல்லியமாக இருக்க, அந்தக் கிடாவை முதலில் கண்டவர் பொதுவாக ‘தடம் பார்ப்பவர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார். இது நன்றியின்மை மட்டுமன்று. வரலாற்றுக்கு நேர்ந்த இழப்பும் ஆகும். துரை மலைக்கு வந்தது விடுமுறை நாட்களில். முதுவர் அங்கேயே வாழ்ந்தார். ஆண்டு முழுதும் மந்தைகள் எங்கே நகர்ந்தன, மழைக்காலத்தில் எந்தப் பாறையிடுக்கில் ஒதுங்கின என்பவை குறிப்பேட்டில் இடம்பெறாமல் போனதற்கு இதுவே காரணம்.

1971இல் கேரள அரசு கண்ணன் தேவன் மலைநிலங்களை மீட்கும் சட்டம் கொண்டுவந்தபோது, இரவிகுளத்தின் எதிர்காலம் கேள்விக்குறியானது. அதைச் சரணாலயமாக்க வேண்டும் என்று வலியுறுத்தியவர்களில் பழைய வேட்டைச் சங்கத்தின் வழிவந்தவர்களும் இருந்தனர். 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் அது அறிவிக்கப்பட்டது. 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த இடத்தில்தான் உலகின் மிகப் பெரிய வரையாட்டுத் தொகுதி வாழ்கிறது. 1969இல் ஜார்ஜ் ஷாலர் நடத்திய ஆய்வும், நீலகிரி வழக்கறிஞர் இ.ஆர்.சி. தாவீதார் 1970களின் இடையில் மலைமலையாக ஏறி எடுத்த கணக்கும், அதன்பின் இரவிகுளத்திலேயே தங்கிக் கிளிஃபர்டு ரைஸ் செய்த ஆய்வும் வரையாட்டைப் பற்றிய அறிவியலின் மூன்று படிகள். தாவீதாரின் மதிப்பீடு ஏறத்தாழ 2,200. 2015இல் உலகக் காட்டுயிர் நிதியத்தின் இந்தியக் கிளை வெளியிட்ட மதிப்பீடு 3,122. தாவீதார் நீலகிரிச் சங்கத்தில் பொறுப்பு வகித்தவர் என்பதை மறந்துவிட்டு இந்த எண்களைப் படிப்பவர், கணக்கெடுப்பு என்ற பழக்கமே எங்கிருந்து வந்தது என்பதைத் தவறவிடுவார்.

வேட்டைக்குழுவின் உறவு பாதுகாப்புக்கு மாறுவதற்குத் துரைமார்தான் வேண்டும் என்பதில்லை. 1990களின் பிற்பகுதியில் பெரியாற்றில், வயனா மரத்தின் பட்டையை, அதாவது காட்டு இலவங்கப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுவந்த ஒரு குழுவினரோடு வனத்துறை உடன்பாடு செய்துகொண்டது. வழக்குகளிலிருந்து விடுபட்ட அவர்கள் ஒரு சூழல் மேம்பாட்டுக் குழுவாகச் சேர்ந்து, காட்டில் ரோந்து சுற்றவும் பயணிகளை அழைத்துச் செல்லவும் தொடங்கினர். இரவில் வழி தவறாமை, சத்தமின்றி நடத்தல், பிடிபட்டவன் மற்றவரைக் காட்டிக்கொடாமை ஆகிய பழைய கூட்டத்தின் திறன்களில் கடைசியொன்று தவிர ஏனையவை புதிய பணிக்கும் உதவின.

திருவனந்தபுரம் மாவட்டத்தின் மலைகளில் நிலைமை வேறு. 1987இல் அகத்தியமலைக் காட்டில் தாவரவியலாளர் குழு ஒன்றுக்கு வழிகாட்டிய காணிக்காரர் சோர்வின்றி நடந்ததற்குக் காரணம் ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் பழம் என்று அறியப்பட்டது; அதிலிருந்து உருவான ஜீவனி மருந்தின் உரிமத் தொகையிலும் ஆதாயப் பங்கிலும் பாதி, 1997இல் பதிவான காணிக்காரர் அறக்கட்டளைக்கு என ஒதுக்கப்பட்டது. வழிகாட்டியின் அறிவுக்கு விலை உண்டு என்று எழுத்தில் ஏற்றுக்கொண்ட தொடக்ககால உடன்பாடுகளில் இது ஒன்று. பங்கீட்டைப் பற்றியும், யாருடைய ஒப்புதல் பெறப்பட்டது என்பதைப் பற்றியும் பின்னர் எழுந்த கேள்விகள் இன்னும் முழுமையாகத் தீரவில்லை. ஆனால் அந்த உடன்பாடு செடியைப் பற்றியது மட்டுமே. பொன்முடியை அடுத்த வரையாட்டுமொட்டை என்னும் பாறைமுகட்டில், இவ்வினத்தின் பரவலெல்லையினது தென்முனைப் பகுதியில், ஒரு சிறு வரையாட்டு மந்தை இன்றும் வாழ்கிறது. இரவிகுளத்தில் பல பத்தாண்டுகள் தொடர்ந்து நின்றதுபோன்ற சங்கக் காவலின் நிழல் அதன்மேல் விழவில்லை. ஆகவே அதன் கடந்த காலத்தை அறிய விரும்பும் ஆய்வாளர் தொடங்க வேண்டிய இடம் நூலகமன்று, மூட்டுக்காணி என்னும் ஊர்த்தலைவரும் பிலாத்தி என்னும் மருத்துவச் சடங்காளரும் இன்னும் பொறுப்பிலிருக்கும் காணிக் குடியிருப்புகள்தாம்.