வளையாதது எது? விறைத்தது எது?



எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டீர்கள். இனி ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டுப் பார்க்கலாம்.

சில பொருள்கள் இழுத்தால் நீளாது. மடக்கினால் மடங்காது. இவற்றைக் குறிக்கத் தமிழில் எத்தனையோ சொற்கள் உண்டு. கெட்டி, இறுக்கம், விறைப்பு, மொடமொடப்பு, முறுகல். எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் ஒன்றல்ல.

காந்தலூரைப் பாருங்கள். இடுக்கி மாவட்டத்தில், மறையூருக்கு மேலே இருக்கும் மலையூர் அது. பூண்டும் ஆப்பிளும் விளையும் ஊர். இந்த வட்டாரத்தின் மறையூர் வெல்லத்துக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது.

வெல்லம் காய்ச்சும் இடத்தில் இந்தச் சொற்களுக்கு வேலை அதிகம். கரும்புச் சாறு கொப்பரையில் கொதிக்கிறது. நீர் வற்ற வற்றப் பாகு கெட்டியாகிறது. ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விடுகிறார்கள். விரலால் உருட்டிப் பார்க்கிறார்கள். உருண்டு வந்தால் பதம் சரி. அடுப்பில் அதிக நேரம் நின்றால் பாகு முறுகிவிடும். இறக்கி ஆறவிட்டு, கையால் உருட்டி வைத்த பிறகு வெல்லம் இறுகும்.

"பாகு கெட்டியாகுது" என்றால் தீ எரிபவர் காத்திருப்பார். "பாகு முறுகுது" என்றால் உடனே கொப்பரையை இறக்கச் சொல்வார். சொல் மாறினால் ஒரு கொப்பரை வெல்லமே பாழாகும்.

வீட்டிலும் அப்படித்தான். கஞ்சி போட்ட வேட்டி மொடமொடப்பாக இருக்கும். சின்னதாகிப்போன சட்டை இறுக்கமாக இருக்கும். மழையில் நனைந்து வெயிலில் காய்ந்த தோல் செருப்பு விறைப்பாக இருக்கும். வேட்டியை யாரும் இறுக்கம் என்பதில்லை. சட்டையை யாரும் முறுகியது என்பதில்லை.

வெல்லம் பாழானால் பண நட்டம். உடம்பு விஷயத்தில் சொல் தவறினால் என்ன ஆகும்?

கை மரத்துப் போவது வேறு. விறைத்துப் போவது வேறு. மரத்துப் போனால் தொட்டது தெரியாது. விறைத்துப் போனால் மடக்க முடியாது. இசிவு என்றால் தசை தானாக வெட்டி இழுப்பது. மருத்துவருக்கு இவை வெவ்வேறு நோயின் அடையாளங்கள்.

ஒரு குழந்தைக்குக் கடுமையான காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். கழுத்தைக் குனிய வைத்தால் குனியவில்லை. இது மூளைக்காய்ச்சலின் அடையாளமாக இருக்கலாம். காயம் பட்ட ஒருவருக்குத் தாடை இறுகி வாய் திறக்க வரவில்லை. இது ரண ஜன்னியாக இருக்கலாம். இரண்டுக்கும் வீட்டு வைத்தியம் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காந்தலூரில் இன்னொரு சிக்கலும் உண்டு. பலர் வீட்டில் பேசுவது தமிழ். மருத்துவமனையில் கேட்பது பெரும்பாலும் மலையாளம்.

தாய் பதறிக்கொண்டு சொல்கிறாள்: "சிஸ்டர், புள்ளைக்குக் கழுத்து விறைக்குது."

மலையாளத்தில் "விறைக்குன்னு" என்றால் நடுங்குகிறது என்று பொருள். சிஸ்டர் என்ன நினைப்பார்? காய்ச்சலில் பிள்ளை குளிரால் நடுங்குகிறது என்று நினைக்கலாம். தாய் சொன்னது ஒன்று. சிஸ்டர் கேட்டது வேறொன்று. இடையில் நேரம் போகிறது.

அந்தத் தாய் எப்படிச் சொல்லியிருக்கலாம்? "கழுத்து வளையலை" என்று சொல்லியிருக்கலாம். வளைவது என்ற சொல் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொது. தன் தாடையை நெஞ்சில் தொட்டுக் காட்டி, "புள்ளையால இப்படிச் செய்ய முடியலை" என்று சொன்னால் இன்னும் நல்லது. எந்த மொழிக்காரருக்கும் அது விளங்கும்.

நினைவில் வைக்க வேண்டியவை மூன்று. எந்த இடம் என்று தொட்டுக் காட்டுங்கள். எதைச் செய்ய முடியவில்லை என்று சொல்லுங்கள். எப்போது தொடங்கியது என்று சொல்லுங்கள். எழுதத் தெரிந்தவர்கள் இதை ஒரு தாளில் எழுதியே கொண்டு போகலாம்.

கடைசியாக ஒரு பழமொழி. "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பார்கள். மூங்கிலுக்கு இது பொருந்தலாம். மனிதருக்குப் பொருந்துமா?

ஆலப்புழை மாவட்டத்தில் கார்த்தியாயினி அம்மா என்று ஒருவர் இருந்தார். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகாதவர். 2018ஆம் ஆண்டில், 96ஆவது வயதில், கேரள எழுத்தறிவுத் தேர்வு எழுதினார். 100க்கு 98 மதிப்பெண் வாங்கினார்.

ஐந்தில் வளையாத கை, தொண்ணூற்றாறில் வளைந்து எழுதியது. உங்கள் கையும் எழுதும். இன்று வீட்டுக்குப் போனதும் இந்தச் சொற்களை ஒரு முறை எழுதிப் பாருங்கள்: கெட்டி, இறுக்கம், விறைப்பு, மொடமொடப்பு, முறுகல். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், உங்கள் வீட்டில் உள்ள ஒரு பொருளின் பெயரையும் எழுதுங்கள்.