கப்பலின் அடித்தளத்தில் கண்டது

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"எதைப் பத்தி வேணும்னாலும் பேசுப்பா, ஆனா சீக்கிரம் முடிச்சிடு, சாப்பாடு ஆறிடும்" என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். ஆகவே ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன்.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்கிறேன். பாய்லர், கம்ப்ரஸர், கழிவுநீர் சுத்திகரிப்பு, இவைதான் என் உலகம். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்ப்ரஸ்' என்ற சொகுசுக் கப்பல் பயணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். 1990-இல் பிரான்சில் கட்டிய கப்பல்; 211 மீட்டர் நீளம். அந்த சீசனில் நானும் குடும்பத்தோடு போனேன். இரண்டு ராத்திரி, நடுக்கடல் வரை போய்த் திரும்புகிற பயணம்.

மனைவியும் பிள்ளைகளும் நீச்சல் குளத்தில். எனக்கோ, 'இதுக்கு அடியில என்ன ஓடுது?' என்கிற அரிப்பு. நல்லவேளை, நம் கல்லூரி ஜூனியர் ஒருவர் அதில் என்ஜினியர். மெக்கானிக்கல் முடித்து, ஓராண்டு மரைன் பயிற்சி பெற்றுக் கப்பலுக்குப் போனவர். மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி, "வாங்கண்ணா" என்று அழைத்துப் போனார்.

மேலே மெத்தென்று கம்பளம், சங்கீதம். 'ஊழியர் மட்டும்' என்ற கதவைத் திறந்தால், அந்தப் பக்கம் அப்படியே நம்ம ஃபாக்டரி! தலைக்கு மேல் பைப், தரையில் மஞ்சள் கோடு, சுவரில் ஷிப்ட் அட்டவணை. சமையல்கூடம், மலைமலையாய்த் துண்டு துவைக்கும் லாண்டரி எல்லாம் பார்த்தோம். என்ஜினைக் குளிர்வித்து வரும் சூடான தண்ணீரைக் கொண்டே, வெற்றிடத்தில் கடல்நீரைக் கொதிக்க வைத்து நன்னீர் எடுப்பது எப்படி என்று அவர் விளக்கினார். அழுத்தம் குறைந்தால் நூறு டிகிரிக்கு முன்பே தண்ணீர் கொதிக்கும் என்று தெர்மோடைனமிக்ஸ் வகுப்பில் படித்தோமே, அதேதான்!

கடைசியாக கண்ட்ரோல் ரூம். கப்பலின் அடியில் எண்ணெய் கலந்த கசிவு நீர் சேரும். அதை அப்படியே கடலில் விடக்கூடாது. பிரித்தெடுத்த நீரில் 10 லட்சம் பங்குக்கு 15 பங்குக்கு மேல் எண்ணெய் இருந்தால், வால்வு தானாகத் திரும்பித் தண்ணீரை மறுபடி டேங்குக்கே அனுப்பிவிடும். ஒவ்வொரு முறையும் 'ஆயில் ரெக்கார்ட் புக்'கில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் கேப்டன் கையெழுத்து வேறு.

"இதை ஏமாத்த முடியாதா தம்பி?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. 2013-இல் இங்கிலாந்துக் கடலோரம் 'கரிபியன் பிரின்சஸ்' கப்பலில் நடந்ததைச் சொன்னார். கருவியைச் சுற்றி வளைத்து, எண்ணெய் நீரைக் கள்ளத்தனமாகக் கடலில் விட ஒரு பைப். அதற்கு 'மாஜிக் பைப்' என்று பெயராம். கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? அதே கப்பலில் புதிதாகச் சேர்ந்த ஓர் என்ஜினியர். சௌதாம்ப்டனில் வேலையை விட்டு இறங்கி, அதிகாரிகளிடம் சொல்லிவிட்டார். 2016-இல் அந்தக் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டு 4 கோடி டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது.

நண்பர்களே, அதைக் கேட்டு எனக்கு வியர்த்துவிட்டது. காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

படிப்பு முடித்து முதல் வேலை. இந்த மாவட்டத்தில்தான் ஒரு சின்னக் கம்பெனி. ஒரு மழை ராத்திரி கழிவுநீர் டேங்க் நிரம்பிவிட்டது. "ஹோஸை மழைத்தண்ணிக் கால்வாயில போடு, மழையோட மழையா போயிடும்" என்றார் மேலே இருந்தவர். பம்ப் சுவிட்சைப் போட்டது இந்தக் கைதான். லாக் புக்கில் 'நார்மல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதும் இதே கைதான். மாசத்துக்கு எட்டாயிரம் சம்பளம், வீட்டில் தங்கை கல்யாணக் கடன். காரணங்கள் இருந்தன. ஆனால் கால்வாய் ஏரிக்குப் போகும் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

நம் கடற்கரை பட்ட பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, ஜனங்கள் வாளியில் அள்ளினார்கள். அது விபத்து. நான் செய்தது விபத்து அல்ல.

மாணவச் செல்வங்களே, உங்கள் டிகிரியின் மதிப்பு ஒருநாள் ராத்திரி ஷிப்டில், யாரும் பார்க்காதபோது, ஒரு லாக் புக் முன்னால் தெரிந்துவிடும். காக்களூரிலும் சிப்காட்டிலும் இன்று மேனேஜர்களாக இருக்கும் என் வயது நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிதாகச் சேர்ந்த பையனோ பெண்ணோ வந்து, "சார், இந்த பைப் எங்க போகுது?" என்று கேட்டால் எரிந்து விழாதீர்கள். கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். காட்ட முடியாத பைப் இருந்தால், அதைக் கழற்றிவிடுங்கள்.

சாப்பாடு ஆறுவதற்குள் முடித்துவிட்டேன்.